நைட் டியூட்டிக்கு யாரை அனுப்புகிறீர்கள்?

கேள்வி: வணக்கம் மேடம். தருமபுரியிலிருந்து பாலக்கோடு போகும் வழியில் நானும் என் மனைவியும் ஐந்து வருடமாக முதியோர் இல்லம் நடத்துகிறோம். கட்டணம் வாங்கி நடத்தும் இல்லம்தான். இப்போது 28 பேர் இருக்கிறார்கள். அதில் ஒன்பது பேர் படுத்த படுக்கை. அட்டெண்டர்கள் பதினொரு பேர், ஒரு நர்ஸ், சமையலுக்கு இரண்டு பேர், துணி துவைக்க ஒருவர், ஒரு டிரைவர். அட்டெண்டர் சம்பளம் பத்தாயிரம், சாப்பாடு எங்களுடையது. காலை எட்டு முதல் இரவு எட்டு, இரவு எட்டு முதல் காலை எட்டு என்று இரண்டு ஷிஃப்ட். மாதம் இரண்டு நாள் லீவு. இரவில் ஒருவர்தான் இருப்பார். பழைய ஆட்கள் நைட்டுக்கு ஒத்துக்கொள்வதில்லை, அதனால் புதிதாக வருகிறவர்களைத்தான் போடுகிறோம். போன வருடம் மட்டும் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். அதில் ஆறு பேர் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. ஓசூர் பக்கத்துக் கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சம்பளத்தோடு எங்களால் போட்டி போட முடியாது. ஏஜென்ட் ஒரு ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் கமிஷன் கேட்கிறார். சொல்லாமல் ஓடிவிடக் கூடாது என்று சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைக்கிறோம், முதல் மாதச் சம்பளத்தையும் பிடித்து வைக்கிறோம். அப்படியும் யாரும் நிற்பதில்லை. வடமாநிலத்துப் பிள்ளைகளைக் கொண்டுவரலாமா? உடனே ஆறு பேராவது வேண்டும். நல்ல ஆட்களை எப்படிப் பிடிப்பது, எப்படி நிறுத்தி வைப்பது?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதாக நினைக்காமல் எழுதிய ஒரு வரியில்தான் நோய் இருக்கிறது: "புதிதாக வருகிறவர்களைத்தான் நைட்டுக்குப் போடுகிறோம்." ஓசூர் கம்பெனி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

காரிமங்கலம் பக்கத்து ஊரிலிருந்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் உங்களிடம் வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு முன்னால் தன் மாமியாரைத் தவிர வேறு யாருக்கும் துணி மாற்றிவிட்டதில்லை. இரண்டு நாள் பகலில் சுற்றிக்காட்டிவிட்டு மூன்றாம் நாள் இரவு எட்டு மணிக்கு அவரிடம் 28 பேரை ஒப்படைத்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறீர்கள். படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். ஒருவரைப் புரட்டி, டைபர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, முதுகுக்குத் தலையணை வைத்து, விரிப்புச் சுருக்கம் நீக்க, இரண்டு பேராகச் செய்தாலே ஐந்து நிமிடம் ஆகும். ஒன்பது பேருக்கு முக்கால் மணி நேரம். தனி ஆள் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்பதே வீண். எழுபது கிலோ பெரியவரைத் தனியாகப் புரட்டினால் ஒன்று அவர் முதுகில் தோல் உரியும், இல்லை இவர் முதுகு போகும். இதற்கு நடுவே மறதி நோய் உள்ள அம்மா ஒருவர் இரவு இரண்டு மணிக்குக் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கத்துவார். இன்னொருவருக்கு மூச்சு இழுக்கும். யாருக்குப் போன் செய்வது, நர்ஸை எழுப்பலாமா கூடாதா, எழுப்பினால் திட்டுவார்களா என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. விடிந்ததும் ஊருக்குப் போகிறவர் திரும்பி வரவில்லை என்றால் அதில் ஆச்சரியம் என்ன? உங்களிடம் வேலை செய்தவர்களில் மிகத் தெளிவாக யோசித்தவர்கள் அந்த ஆறு பேர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் புது ஆள் தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். முதலில் டியூட்டி சார்ட்டை மாற்றுவோம்.

இப்போது உங்கள் அட்டெண்டர் மாதத்தில் 28 நாள், நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்கிறார். மொத்தம் 336 மணி நேரம். பத்தாயிரத்தை அதால் வகுத்தால் மணிக்கு முப்பது ரூபாய்கூட வரவில்லை. ஊரில் களை எடுக்கப் போகிற பெண் வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிடுகிறார். கம்பெனிக்குப் போகிறவருக்கு எப்போது வீடு திரும்புவோம் என்பது நிச்சயம். உங்களிடம் வருகிறவருக்கு இரண்டும் இல்லை. நீங்கள் சம்பளத்தில் தோற்பதாக நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ நேரத்தில்தான் தோற்கிறீர்கள் என்று படுகிறது.

சரி, நகரத்து ஆஸ்பத்திரி மாதிரி எட்டு எட்டு மணி நேரமாக மூன்று ஷிஃப்ட் போட்டுவிடலாமா? உங்கள் இடத்தில் அது நடக்காது. மாலை ஷிஃப்ட் முடிந்து இரவு பத்து மணிக்கு ஒரு பெண் பாலக்கோடு ரோட்டில் நின்று எந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பார்? எந்த வீட்டில்தான் சம்மதிப்பார்கள்? அதனால் நான் சொல்வது இது. காலை ஏழு முதல் மூன்று வரை நான்கு பேர். பதினொன்று முதல் மாலை ஏழு வரை மூன்று பேர். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை எப்போதும் இரண்டு பேர். இரவு ஆட்களுக்கு மட்டும் 12 மணி நேரம் இருக்கட்டும், ஆனால் வாரத்துக்கு நான்கு இரவுக்கு மேல் யாருக்கும் போடக் கூடாது. புரட்டுகிற நேரம் தவிர மற்ற நேரத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் கொஞ்சம் கண் அசர ஒரு கட்டிலும் போடுங்கள். "நைட்டில் தூங்கவா சம்பளம்?" என்று கேட்காதீர்கள். அறவே தூங்காமல் இருப்பவர் நான்கு மணிக்கு மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இதற்கு எத்தனை பேர் வேண்டும்? பகலில் நாளுக்கு ஏழு டியூட்டி, வாரத்துக்கு 49. ஒருவர் வாரம் ஆறு நாள் வந்தால், திடீர் லீவுக்கும் இடம்விட்டு ஒன்பது பேர். இரவில் வாரத்துக்கு 14 டியூட்டி. நான்கு இரவுக்கு மேல் கூடாது என்றால் நான்கு பேர். மொத்தம் 13. உங்களிடம் இருப்பது 11. ஆறு பேர் வேண்டும் என்கிறீர்கள். உங்களுக்குக் குறைவது இரண்டே பேர்.

அந்த இரண்டு பேரோடு இன்னும் இரண்டு அரை வேளை ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த இல்லத்திலும் காலை ஆறரை முதல் பத்தரை வரைதான் நெருக்கடி: டைபர், குளியல், பல், காபி, மாத்திரை, டிபன், விரிப்பு மாற்றுவது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நான்கு மணி நேரத்துக்கு மட்டும் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கும் இரண்டு பெண்களைப் பிடியுங்கள், 4,500 ரூபாய்க்கு. முழு நாள் வேலைக்கு வர முடியாத பெண்கள் உங்கள் ஊரிலேயே நிறைய இருப்பார்கள். வீட்டில் மாடு இருக்கும், தக்காளித் தோட்டம் இருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். "முழு நாள் வந்தால் வா, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லியே நல்ல கைகளை நாம் வெளியே நிறுத்திவிடுகிறோம்.

ஷிஃப்ட் நேரத்தை ஏன் ஏழு என்று வைத்தேன் என்றால் உங்களிடம் டிரைவர் இருக்கிறார். காலை ஒரு ட்ரிப், மாலை ஒரு ட்ரிப். காலையில் நான்கு பேரை ஏற்றி வந்து இரவு ஆட்கள் இருவரை இறக்கிவிட்டு வரலாம். மாலையில் அதையே திருப்பிச் செய்யலாம். பதினொரு மணிக்கு வருகிறவர்களும் மூன்று மணிக்குப் போகிறவர்களும் டவுன் பஸ்ஸில் வரட்டும். பெண்களுக்கு 2021லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஆள் எடுக்கும்போதே அந்த டவுன் பஸ் வந்து போகிற ஊர்களாகப் பார்த்து எடுங்கள். பென்னாகரத்திலிருந்து ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இரண்டு பஸ் மாறி வந்தால் மழைக்காலம்வரைதான் தாங்குவார்.

சார்ட்டை வார ஆரம்பத்தில் போட்டால் போதாது. ஒரு மாதத்துக்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆடிப் பெருக்குக்கு ஒகேனக்கல் போகிறவர் யார், மாசியில் காவேரிப்பட்டணத்து மயானக் கொள்ளைக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிறவர் யார், பொங்கலுக்கு யார் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாங்கூழ் ஆலைகள் ஓடும் மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஆள் தட்டுப்பாடு இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். "லீவு கேட்டால் தர மாட்டார்கள்" என்று தெரிந்தால் சொல்லாமல் நின்றுவிடுவார்கள். "கேட்டால் கிடைக்கும்" என்று தெரிந்தால் கேட்பார்கள்.

இப்போது அந்த சர்ட்டிஃபிகேட் விஷயம். இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவருடைய அசல் சான்றிதழை வேலையில் நிறுத்தி வைக்கும் பிடியாக வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. நகல் எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரைப் பாருங்கள், போலீஸ் சரிபார்ப்பு வாங்குங்கள், அதெல்லாம் வேண்டியதுதான். சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் அப்படித்தான். செய்த வேலைக்கான கூலி அது. முதல் மாதச் சம்பளம் வராத வீட்டில் என்ன நடக்கும் தெரியுமா? "ஒரு மாசம் போய் என்ன கொண்டு வந்தே?" என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சிலேயே வேலை போய்விடும். முதல் மாதம் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சம்பளம் கொடுத்துப் பாருங்கள்.

சட்டப்படி செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் இடம் என்பதால் ஈ.எஸ்.ஐ. பதிவைப் பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். பத்தாயிரத்துக்குத் தொழிலாளி பங்கு 75 ரூபாய், உங்கள் பங்கு 325 ரூபாய். இந்தத் தொகைக்கு அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம், காய்ச்சல் என்று படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம், தகுதி இருந்தால் 26 வாரப் பிரசவ கால ஊதியம். கம்பெனிக்குப் போகிறவர்கள் "அங்கே ஈ.எஸ்.ஐ. இருக்கு" என்று சொல்லித்தான் போகிறார்கள். பி.எஃப். இருபது பேர் வேலை செய்தால் கட்டாயம். நீங்கள் இப்போது 16, நான் சொல்கிற நால்வரைச் சேர்த்தால் சரியாக 20. பத்தொன்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று உங்கள் கணக்காளர் யோசனை சொல்வார். வேண்டாம். அந்த ஒரு ஆளை மிச்சம் பிடிக்கப் போய் பழையபடி நைட்டில் ஒருவரை நிறுத்துவீர்கள். குறைந்தபட்சக் கூலி உங்கள் இல்லத்துக்கு எந்தப் பிரிவில் வரும் என்பதைத் தருமபுரி தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். அகவிலைப்படி ஏப்ரலுக்கு ஏப்ரல் மாறும். அந்த விகிதம் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால் அதைத்தான் தர வேண்டும். நான் கீழே போடுகிற கணக்கும் அதற்கேற்ப ஏறும்.

ஆள் தேடுவதற்கு இப்போது வருவோம். ஏஜென்டை விடுங்கள். உங்கள் பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் மனைவியை அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம், அவர் போகட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் உங்கள் பக்கத்து மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு வீடாக பி.பி., சர்க்கரை பார்க்கப் போகும் அந்தத் திட்டத்துப் பெண் தன்னார்வலர்களுக்கு எந்த வீட்டில் யார் படுக்கையில் இருந்தார், அவரை மருமகள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதெல்லாம் தெரியும். அவர்களையே வேலைக்கு இழுக்காதீர்கள். "இப்படி ஒரு வேலை இருக்கிறது, பொறுமையான ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பெங்களூரில் ஹோம் நர்ஸாக வீட்டோடு தங்கி வேலை செய்துவிட்டு, பிள்ளை படிப்புக்காக ஊர் திரும்பியவர்கள் தருமபுரி, அரூர் பக்கம் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை தெரியும். வேண்டியது தினமும் வீட்டுக்குப் போகிற வேலை. ஆண்களையும் மறக்காதீர்கள். ஆண் பெரியவர்களைத் தூக்க, குளிப்பாட்ட இரண்டு மூன்று ஆண்கள் வேண்டும். நைட் ஜோடியில் ஒருவர் ஆணாக இருக்கலாமா என்பதைச் சேர்ந்து வேலை செய்யப்போகிற பெண்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

நேர்காணலில் "எத்தனை வருட அனுபவம்?" என்ற கேள்வியால் பெரிய பயன் இல்லை. வேலைக்கு வருகிறவரை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள், அந்த அரை நாளுக்குக் கூலியும் கொடுங்கள். கைநடுக்கம் உள்ள ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் பழைய ஆயா ஊட்டுவதைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு அவரிடமே கிண்ணத்தைக் கொடுங்கள். நின்றுகொண்டே ஊட்டுகிறாரா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாரா? முதல் வாய் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்பூனை எடுக்கிறாரா? ரசம் வழிந்தால் ஸ்பூனாலேயே வழிக்கிறாரா, துணி தேடுகிறாரா? "தாத்தா, பருப்பு வேணுமா, ரசம் வேணுமா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? இந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது எந்தச் சான்றிதழிலும் தெரியாது. டைபர் மாற்றுவது எப்படி என்பதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற குணத்தைச் சொல்லிக்கொடுக்க எனக்கு வழி தெரியாது.

வேலையை மறைக்காமல் சொல்லுங்கள். மலம், மூத்திரம், வாந்தி, சாவு எல்லாம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அதைக் கேட்டு ஓடுகிறவர் அன்றே ஓடிவிடுவார், உங்களுக்கு லாபம். ஒப்புக்கொள்கிறவரின் கணவரையோ மாமியாரையோ அம்மாவையோ ஒரு நாள் அழைத்து இடத்தைக் காட்டி, டீ கொடுத்து அனுப்புங்கள். "என்ன வேலைக்குத்தான் போறா?" என்று ஊர் கேட்கும்போது பதில் சொல்ல வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

எழுதக் கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று. உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் நம் பக்கத்து இல்லங்களில் இது இல்லாமல் இருப்பது அபூர்வம். கக்கூஸ் கழுவுவதும் டைபர் மாற்றுவதும் ஒரு சாதிப் பெண்களுக்கு, சோறு ஊட்டுவதும் மருந்து கொடுப்பதும் வேறு சாதிப் பெண்களுக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே பிரிந்திருக்கும். உங்கள் சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நேர்மையாகப் பாருங்கள். அப்படி இருந்தால் உடைத்துவிடுங்கள். ஒவ்வொரு அட்டெண்டருக்கும் இத்தனை பெரியவர்கள் என்று ஆளைப் பிரித்துக் கொடுங்கள், வேலையைப் பிரிக்காதீர்கள். தன் பொறுப்பில் இருப்பவருக்கு டைபர் மாற்றுகிறவரே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு ஊட்டவும் ஊட்டட்டும். "அவ கையால தண்ணி வேண்டாம்" என்று சொல்லும் பெரியவரும் இருப்பார், அவருக்கு ஒத்து ஊதும் மகனும் இருப்பார். அட்மிஷன் படிவத்திலேயே ஒரு வரி சேருங்கள்: இங்கே யார் டியூட்டியில் இருக்கிறாரோ அவர்தான் கவனிப்பார், ஆள் மாற்றித் தர மாட்டோம். அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அந்தப் பெண்ணே பெரியவரிடம் போராடட்டும் என்று விட்டுவிட்டால் அவர் உங்களிடம் எதுவும் சொல்லாமல் நின்றுவிடுவார், நீங்கள் ஓசூர் கம்பெனியைக் குறை சொல்வீர்கள்.

முதல் மாதம் நைட் கிடையாது. இதை விதியாகவே வையுங்கள். பழைய ஆட்களில் பொறுமையான ஒருவரைப் புது ஆளுக்கு ஜோடியாகப் போட்டு, அந்த மாதத்துக்கு அவருக்கு ஐநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள். பதினொன்று முதல் மூன்று வரை ஏழு பேர் இருப்பார்கள் அல்லவா, கற்றுக்கொடுப்பதற்கு அதுதான் நேரம். தூக்குவதற்கு இரண்டு பேர், மடித்த போர்வையை இடுப்புக்கு அடியில் விட்டு இழுப்பது, குனிந்து வேலை செய்யாமல் கட்டில் கால்களுக்கு மரக்கட்டை கொடுத்து உயர்த்துவது (நடமாடுகிறவர்களின் கட்டிலை அல்ல, அவர்கள் விழுந்துவிடுவார்கள்) — இதைச் செய்தால் முதுகு வலியால் நிற்பவர்கள் பெருமளவு குறைவார்கள். கையுறையை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம், உங்கள் செலவில் போடுங்கள். ஊசி போடுவது, மூக்கு டியூப் மாற்றுவது எல்லாம் பதிவு பெற்ற நர்ஸ் வேலை. ஆள் இல்லை என்று அட்டெண்டரைச் செய்யச் சொன்னால் ஏதாவது ஆகிவிட்டால் அவரும் நீங்களும் மாட்டுவீர்கள்.

பழைய ஆட்கள் நைட்டுக்கு வர மாட்டேன் என்பார்களே? இரண்டு பேர், கட்டில், வாரத்துக்கு நான்கு இரவுதான், ஒரு இரவுக்கு நூறு ரூபாய் படி, வீட்டு வாசல்வரை வண்டி என்று சொல்லி மறுபடி கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் தனியாக இருக்கத்தான் பயந்திருப்பார்கள். பகலில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று நைட்டையே விரும்பிக் கேட்கிற பெண்களும் உண்டு. இரவில் ஒருவர் இறந்தால் யாருக்கு முதல் போன், யாருக்கு இரண்டாவது போன், குடும்பத்துக்கு யார் சொல்வது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போன் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த நேரத்திலும் நர்ஸை எழுப்பலாம் என்பதும் அதில் இருக்கட்டும். முதன்முறை சாவைப் பார்த்தவருக்கு மறுநாள் லீவு கொடுங்கள், சம்பளத்தோடு.

இன்னொரு காரணத்துக்காகவும் நல்ல ஆட்கள் போவார்கள்: திருட்டுப் பழி. மறதி நோய் உள்ள அம்மா "என் மோதிரத்தை எடுத்துட்டா" என்பார், மகள் வந்து எல்லோர் முன்னாலும் பையைத் திறந்து காட்டச் சொல்வார். நகை, பணம் எதுவும் உள்ளே வரக் கூடாது என்று சேர்க்கும்போதே எழுதி வாங்குங்கள். கழற்ற முடியாத தோடோ தாலியோ இருந்தால் படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். பையைச் சோதிக்கும் உரிமை எந்தக் குடும்பத்துக்கும் கிடையாது. அப்புறம், ஆண் பெரியவர் ஒருவர் கை நீட்டினார் என்று ஒரு பெண் சொன்னால் "வயசானவர், விடும்மா" என்று சொல்லாதீர்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. அந்தப் பெரியவருக்கு ஆண் அட்டெண்டரை மாற்றிப் போடுங்கள்.

வடமாநிலத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். சமையலறைக்கும் துணி துவைக்கவும் தாராளமாக எடுங்கள், அதே சம்பளம், அதே ஈ.எஸ்.ஐ. படுக்கைப் பக்கத்தில் மொழி வேண்டும். பக்கவாதம் வந்து பேச்சு குழறுகிறவர் பாதிச் சொல்லில் கேட்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற பெரியவர்கள் நிறைய. மறதி முற்றும்போது தமிழையே விட்டுவிட்டு அம்மா பேசிய மொழிக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. ராயக்கோட்டை, தளி பக்கத்து ஆட்கள் கிடைத்தால் அதனால்தான் கொண்டாடச் சொல்கிறேன்.

நர்ஸ் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்த பெண் அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போகத்தான் பார்ப்பார். இரண்டு வருடம் இருந்தாலே நல்லது. பத்திரம் எழுதி வாங்கிக் கட்டிப்போட முயலாதீர்கள்.

ஆள் தட்டுப்பாடு தருமபுரிக்கு மட்டும் வந்த கஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்து 2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டினருக்கு விசாவைத் திறந்துவிட்டது, 2025 ஜூலையில் புது ஆட்களை வெளியிலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டது. அங்கே இந்தத் துறையின் கணக்கை ஆண்டுதோறும் எடுக்கும் ஸ்கில்ஸ் ஃபார் கேர் என்ற அமைப்பு சொல்வதும் இதைத்தான்: சம்பளம் கூடினால் ஆட்கள் நிற்கிறார்கள், ஆனால் சம்பளம் மட்டும் அல்ல, வேலை நேரம் நிச்சயமாக இருப்பதும் பயிற்சி கிடைப்பதும் அதே கணக்கில் வருகின்றன.

கடைசியாகப் பணம். இரண்டு முழு ஆள் இருபதாயிரம், இரண்டு அரை வேளை ஆள் ஒன்பதாயிரம், இரவுப் படி ஆறாயிரம், ஜோடி ஆளுக்கு ஆயிரம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். என்று எல்லோருக்கும் சேர்த்துப் போட்டு, ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷனைக் கழித்தால், ஒரு பெரியவருக்கு மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் வருகிறது. டீசல் தனி. அதை உங்கள் லாபத்திலிருந்து எடுக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். முடியாவிட்டால் கட்டணத்தை ஏற்றுங்கள். ஏற்றும் கடிதத்தில் "விலைவாசி உயர்வு காரணமாக" என்று எழுதாதீர்கள். இரவில் இனி இரண்டு பேர் இருப்பார்கள், எல்லாப் பணியாளருக்கும் ஈ.எஸ்.ஐ. கட்டப் போகிறோம், அதற்காக இவ்வளவு என்று எழுதுங்கள். இரண்டு மாத அவகாசம் கொடுங்கள். முணுமுணுக்கிற குடும்பம் ஒன்றிரண்டு இருக்கும். அவர்களை ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி, தங்கள் அப்பாவை நம் ஆளோடு சேர்ந்து அவர்களே ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லுங்கள்.